பையும் பேனாவும் தவிர என்ன கிடைக்கும்?

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு அறுவடை நடக்கும். ஒன்று வயலில், தாளடி. இன்னொன்று ஓட்டல் மாடியில், ஏசி ஹாலில். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவு காட்டியாக வேண்டுமே, அதனால் நாலா பக்கமிருந்தும் பயிற்சிப் பட்டறைக்கு அழைப்பு வரும். ஒரே வாரத்தில் மூன்றுகூட வரும். போனால் ஒரு சணல் பை, ஒரு நோட்டு, ஒரு பேனா, பதினோரு மணிக்கு டீயும் சமோசாவும், கடைசி நாள் குரூப் போட்டோ, சான்றிதழ். என் வீட்டுப் பரணில் இப்படிப் பைகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றில் மட்டும் விதை உளுந்து கட்டி வைத்திருக்கிறோம். இத்தனை வருடப் பயிற்சியில் முழுதாகப் பயன்பட்டது அந்தப் பை ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். முழுக்க வேடிக்கையும் இல்லை.

குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர், எச்.ஐ.வி. நம்பிக்கை மையத்தில் ஆலோசகர், ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வழக்குப் பணியாளர், போதை மீட்பு மையத்தில் சமூகப் பணியாளர், மாவட்ட மனநலத் திட்டத்தில் இன்னொருவர் என்று நம்மில் பலரும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். லீவும் குறைவு, கையில் காசும் குறைவு. அதனால் எந்தப் பயிற்சிக்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்பது நமக்கு நேரடியாகச் சம்பளக் கணக்கு.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர் என்றால் தொடர் கல்விப் புள்ளிகளைச் சேர்த்தால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். அப்படிப்பட்டவர் பணம் கட்டும் முன்பே அந்த நிகழ்ச்சிக்குக் குழுமத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கோம் சார், வந்துரும்" என்பது ஒப்புதல் ஆகாது. வெறும் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கு இதுவரை அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் 2021-இல் வந்த துணை மருத்துவ மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மருத்துவ சமூகப் பணியாளர், உளமருத்துவ சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்ப நல ஆலோசகர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பதிவேடு என்று ஒன்று வந்தால் என்ன படித்தாய், எத்தனை மணி நேரம், யார் நடத்தியது என்ற கேள்வியும் கூடவே வரும். ஆகவே சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டுவதைவிட, அதன் பின்னால் அந்தப் பயிற்சியின் கால அட்டவணையைப் பின் அடித்து ஃபைலில் போடுவது புத்திசாலித்தனம். மணிக்கணக்கு அதில்தான் இருக்கும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. அஞ்சல் வழியில் உளவியல் பட்டம் வாங்கி ஆலோசகர் ஆகிவிடலாம் என்று விளம்பரத்தை நம்பி இன்னும் சிலர் விசாரிக்கிறார்கள். மேலே சொன்ன சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-இல் சொல்லிவிட்டது. உளவியலும் அந்தத் தடையில் உண்டு. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் திறன் கூட்டிக்கொள்ளச் சேரும் குறுகிய பயிற்சி வேறு, பட்டம் வேறு.

எங்கே தடுமாறினீர்கள்?

பயிற்சியைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. எந்த இடத்தில் எனக்கு வாய் அடைத்துப்போனது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி வைப்பேன். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே மாதிரி வரி நாலு தடவை வந்திருக்கும். அடுத்த பயிற்சி அதற்குத்தான். அழைப்பிதழில் 'முழுமையான', 'ஒருங்கிணைந்த', 'ஆளுமை மேம்பாடு' என்றெல்லாம் போட்டிருந்தால் அது என் நோட்டில் இருக்கும் எந்த வரிக்கும் பதில் சொல்லப் போவதில்லை.

என் நோட்டில் அதிகம் வந்த வரி, பதினேழு வயதுப் பெண்பிள்ளைகள் பற்றியது. ஒரு பிள்ளை எதிரே வந்து உட்காருகிறது. பேச வேண்டும் என்ற தவிப்பு முகத்தில் தெரிகிறது. நாம் இளகிப்போய் முதல் வாக்கியத்திலேயே, "நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோம். பத்தாவது நிமிடம் அது சொல்லும் விஷயம் போக்சோ சட்டத்துக்குள் வந்து விழுகிறது. 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு ஆலோசகருக்கு விலக்குத் தரவில்லை. விஷயம் தெரிந்தவர் போலீசிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை. கொடுத்த வாக்கை மீறினாலும் பாவம், மீறாவிட்டாலும் குற்றம்.

இதற்கு நான் போன ஒரு பயிற்சியில் பிரிவுகளை எல்லாம் ஸ்லைடில் போட்டு வாசித்தார்கள். போனது மூன்று மணி நேரம். இன்னொரு பயிற்சியில், பெரிய பெயர் எதுவும் இல்லாத ஓர் அம்மா, எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து அந்த முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேச வைத்தார். கடைசியில் எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்த வாக்கியம் இது: "நீ சொல்றதுல முக்காவாசி நமக்குள்ளயே இருக்கும்மா. ஆனா ஒனக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டாலோ, யாராவது ஒன்கிட்ட தப்பா நடந்திருந்தாலோ, அத நான் சொல்லியே ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேங்கறத மொதல்ல ஒன்கிட்டத்தான் சொல்லுவேன்." சட்டமும் இதில் இருக்கிறது, பிள்ளைக்கு மரியாதையும் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு சில பிள்ளைகள் எழுந்து போய்விடும் என்பதும் உண்மை. மறுவாரம் திரும்பி வருவதும் உண்டு. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் கட்டிய 500 ரூபாய் எனக்கு லாபம்.

அதனால் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன் போன் போட்டுக் கேளுங்கள்: "நடித்துப் பார்க்கும் நேரம் எவ்வளவு? தமிழிலா?" பாதிக்குக் குறைவு என்றால் புத்தகத்தை வாங்கி வீட்டில் படித்துவிடலாம்.

தமிழிலா என்ற கேள்வி சும்மா இல்லை. ஆங்கில ஸ்லைடைத் தமிழாக்கிப் பேசுவது வேறு, தமிழில் துக்கம் பேசுவது வேறு. ஒரு பயிற்சியில் நடிப்புப் பகுதி. ஆலோசகராக நடித்த இளைஞர் பவ்யமாகக் குனிந்து, "ஐயா, உங்கள் உணர்வுகளை என்னோடு பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றார். விவசாயியாக நடித்தவர் ஒரத்தநாட்டுக்காரர், எங்களில் மூத்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பகுந்துக்க இன்னும் என்ன தம்பி இருக்கு? எல்லாத்தையும் பங்காளி பகுந்துக்கிட்டுப் போயிட்டான்." ஹாலே சிரித்தது. ஆனால் அந்தப் பதிலில் ஒரு முழு வழக்கே இருந்தது: பாகப் பிரிவினை, குத்தகை, கடன், பேச ஆளில்லாத தனிமை. பயிற்சியாளர் அதைப் பிடித்திருந்தால் அன்றைக்குப் பெரிய பாடம் நடந்திருக்கும். அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

இந்தப் பக்கத்தில் யாரும் 'மன அழுத்தம்' என்று வந்து உட்கார்வதில்லை. "நெஞ்சு படபடங்குது", "தூக்கம் புடிக்கல", "ஒடம்பெல்லாம் அசதியா கெடக்கு", "யாரோ ஏதோ செஞ்சு வச்சிட்டாங்க". நம்மிடம் வரும் முன்பே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியிருப்பார்கள். திருபுவனத்து ஈசனுக்கு நடுக்கம் தீர்த்த பெருமான் என்றே பெயர்; சரபேஸ்வரரைப் பார்க்கவும் அங்கேதான் கூட்டம். கோயிலுக்குப் போனவரை மாத்திரைக்கும் சம்மதிக்க வைக்கும் பேச்சு ஒரு தனிக் கலை. அதைத் தொடாமல் 'மூடநம்பிக்கை ஒழிப்பு' என்று ஒரு ஸ்லைடோடு முடித்துவிடும் பயிற்சி, டெல்டாவுக்கு வெளியே எங்கேயோ தயாரானது.

சொல்லைப் பற்றி ஒன்று. அரசு ஆள்தேர்வு விளம்பரங்களில் வரும் 'ஆற்றுப்படுத்துநர்' என்ற பெயரைப் பலர் கேலி செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கும். ஆறு என்றால் வழி. போகும் வழியைக் காட்டிவிடுவது ஆற்றுப்படுத்துதல். பரிசு பெற்று வரும் ஒருவன் எதிரே வரும் வறியவனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை நூல்களின் அமைப்பு. காவிரி நாட்டுக் கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையும் அந்த வகைதான். இலங்கையில் 'உளவளத்துணை' என்பார்கள். போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிறுவனம் தமிழிலேயே உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. மருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று தமிழில் கைநூலே எழுதினார். தமிழில் முடியாது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் கையைக் காட்டுங்கள்.

பழைய குறிப்பா, புதுசா?

சில பயிற்சியாளர்கள் பதினைந்து வருடமாக ஒரே பென்டிரைவோடு வருவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். தற்கொலைக்கு முயன்றவர் மீது இந்திய தண்டனைச் சட்டம் 309-இல் வழக்கு வரும் என்று பயிற்சியாளர் சொல்கிறாரா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லவே இல்லை. கடமையைச் செய்யும் அரசு ஊழியரை நிர்ப்பந்திக்க அப்படி முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றம். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பத்திடம், வாசலில் நின்று நாம் சொல்ல வேண்டிய செய்தி. மாற்றுத்திறன் வகை 21 என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதும், மனநோயும் அதில் ஒன்று என்பதும் பயிற்சியாளருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் கொண்டுவந்த சட்டத்தையும் கேளுங்கள். குழுக் கடன் தவணைக்கு முதல் நாள் ராத்திரி வரும் தூக்கமின்மைக்கு, மூச்சுப் பயிற்சியோடு அந்தச் சட்டமும் மருந்து.

விஷயத்திலும் பழசு உண்டு. நம் பகுதியே அதற்குச் சாட்சி. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். அதே வருடம் டிசம்பர் 26, சுனாமி. தமிழ்நாட்டில் அதிகம் இழந்தது நாகப்பட்டினம். பெங்களூரு நிம்ஹான்ஸ், ஒடிசா புயலிலும் குஜராத் பூகம்பத்திலும் தான் கற்றதை எடுத்துக்கொண்டு நாகைக்கு வந்து, ஊர்மட்டத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. மனசில் இருப்பதைக் கொட்ட இடம் கொடு, காது கொடுத்துக் கேள், அவர்கள் நிலையில் நின்று பார், சொந்தபந்தத்தோடு சேர்த்து வை, கைக்கு ஒரு வேலை கொடு, ஓய்வும் விளையாட்டும் வேண்டும், சாமி கும்பிடுவதைத் தடுக்காதே. எட்டாவது படித்த பெண்ணும் எடுத்துச் செய்யக்கூடிய பாடம். இன்றும் எனக்கு அதைவிடத் தெளிவான பாடத்திட்டம் கண்ணில் படவில்லை.

அதே சமயம் கரையோரக் குப்பங்களில் வேறொன்றும் நடந்தது. குழு குழுவாக வந்தவர்கள், என்ன நடந்தது, எப்படிப் பிள்ளை கை நழுவியது என்று ஒரே தாயைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் 2007-இல் வந்த உலக அளவிலான அவசரக்கால உளநல வழிகாட்டி, ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் பேச வைக்கும் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே என்கிறது. 'கொட்ட இடம் கொடு' என்பதற்கும் 'கொட்ட வை' என்பதற்கும் நடுவில் ஒரு மயிரிழைதான். அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளாமல் 2004 குறிப்போடு அடுத்த புயலுக்குப் போனால் நாமே இரண்டாவது சேதம்.

அடுத்த புயல் வரவும் செய்தது. 2018 நவம்பர் 16, கஜா. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. வந்த படிவங்களில் அது 'பொருளாதார இழப்பு' என்ற கட்டத்தில் இருந்தது. தென்னம்பிள்ளை என்று சொல்லி நட்டு வளர்த்தவர்கள் அவர்கள். விழுந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த மனிதர்களைப் பார்த்தவருக்கு அது எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று தெரியும். பேரிடர்ப் பயிற்சிக்குப் போனால் இதைப் போட்டு உடையுங்கள்: எங்கள் ஊரில் மரம் இழப்பும் துக்கம், அதற்கு என்ன சொல்லித் தருவீர்கள்?

எங்கே போவது

எல்லாவற்றுக்கும் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டாம். நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாடமி சமூகப் பணியாளர்களுக்கென்றே சமூக மனநலத்தில் இணையவழிப் படிப்பு நடத்துகிறது. குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் சம்வாத் திட்டம் இருக்கிறது. போதை மீட்பில் இருப்பவர்கள் சென்னை டி.டி.கே. மருத்துவமனையை விட்டுவிடக் கூடாது. 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் பயிற்சி அனுபவம் நீண்டது. தற்கொலைத் தடுப்புக்குச் சென்னை சிநேகா, 1986 முதல். அதன் நிறுவனர் லட்சுமி விஜயகுமாரின் குழு நம் வாசலிலேயே, காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பேங்க் லாக்கர் மாதிரி பொது இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்தது. 2013-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. "மருந்து எங்க வச்சிருக்கீங்க, சாவி யார்கிட்ட?" என்று வீட்டாரிடம் கேட்கக் கூச்சப்படாமல் இருப்பதும் ஆலோசனைத் திறன்தான். அதைப் பழக்கும் பயிற்சிதான் நமக்கு வேண்டும்.

பக்கத்திலேயே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், வல்லம் பெரியார் மணியம்மை, திருச்சி பிஷப் ஹீபர் ஆகிய இடங்களில் சமூகப் பணித் துறைகள் இருக்கின்றன. அவர்களின் மாணவர்கள் களப்பணிக்கு நம் அலுவலகத்துக்குத்தானே வருகிறார்கள்? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதே பேராசிரியரிடம் கேளுங்கள்: உங்கள் பிள்ளைகளுக்கு நான் களம் தருகிறேன், எங்கள் ஆறு பேருக்கு நீங்கள் ஒரு நாள் பயிற்சி தாருங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நாம்தான் கேட்பதில்லை.

காலமும் பார்க்க வேண்டும். களப்பயிற்சியோடு வரும் பட்டறையை மேட்டூர் திறந்து குறுவை நடவு மும்முரமாகும் ஜூன் கடைசியில் வைத்தால் ஊரில் பேச ஆள் கிடைக்காது. தை அறுப்பிலும் அதே கதை. ஆன் டியூட்டி ஆணையைப் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு வாய்மொழி அனுமதி மாதக் கடைசியில் சம்பளப் பிடித்தமாக வந்து நிற்கும். பயணப்படி உண்டா இல்லையா என்பதையும் அப்போதே கேளுங்கள், வெட்கப்படாமல்.

'பணிச்சோர்வு மேலாண்மை' என்ற பெயரில் வரும் பயிற்சிகளை நான் இப்போது தவிர்த்துவிடுகிறேன். கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்வார்கள். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வழக்குகளை ஒருவர் பார்ப்பதுதான் என் சோர்வு. அது மூக்கு வழியாகப் போகாது.

திங்கட்கிழமை

பயிற்சி முடிந்து வந்த முதல் வாரத்தில் ஒன்றையாவது செய்யாவிட்டால் அது சணல் பைக்குள் போய்விடும். நான் செய்வது, கற்றதில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பேன். அடுத்த வழக்கில் அதைச் சொல்லிப் பார்ப்பேன். அது எடுபடவில்லை என்றால் நோட்டில் ஒரு வரி.

இன்னொன்று, சகாக்கள் கூட்டம். இங்கிலாந்தில் சமூகப் பணியாளர்கள் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கத் தங்கள் கற்றலை எழுதிக் காட்ட வேண்டும். அதில் ஒன்றையாவது சக பணியாளரோடு பேசி அசைபோட்டிருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பிடித்தது. நாங்கள் ஐந்து பேர், ஐந்து வேறு அலுவலகம், மாதம் ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் கூட ஆரம்பித்தோம். மூன்றாவது மாதம் ஒரு தோழி, பெயர் சொல்லாமல்தான், பாபநாசம் பக்கம் ஒரு குடும்பச் சண்டையை விவரித்துக்கொண்டிருந்தாள். டீ கிளாஸை வைத்த பையன் நின்று கேட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, அது எங்க சின்னம்மா வீட்டுக் கதை மாதிரியே இருக்கே."

அது அவன் சின்னம்மா வீடு இல்லை. ஆனாலும் அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை.

இப்போது தெரிந்த ஒருவரின் டியூஷன் அறை. இரண்டு மணி நேரம், போன்கள் வாசல் அலமாரியில். ஒருவர் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும், வயதும் ஊரும் தொழிலும் மாற்றி. கேட்பவர்கள் முதல் இருபது நிமிடம் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும். பிறகு நடித்துப் பார்ப்போம். யார் எந்தப் பயிற்சிக்குப் போய் வந்தாலும் அதிலிருந்து ஒரு அரை மணி நேரத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். ஒரு கட்டணத்தில் ஐந்து பேர் படிக்கும் கணக்கு. டீ, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு.